எழுபத்தெட்டு கிலோ

கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை முன்னால் நீட்டச் சொன்னார் டாக்டர். நீட்டினாள். இரண்டு விரலால் அவர் மேலிருந்து லேசாக அழுத்தியதும், வலது கை பொத்தென்று மடியில் விழுந்தது.

"என்ன வெயிட்டு தூக்குனீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர். தண்ணிக் குடம்தான்."

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் கணவன். லாரி ஓட்டியவன். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் இரண்டு வருடமாகிறது. தனியாக விட்டுவர மனமில்லாமல் அவனையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"குடம்தான் டாக்டர்," என்றான். "எழுபத்தெட்டு கிலோ. வாய் வேற பேசும்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேனில், தோள்மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் பாதி கிழிந்திருந்தது. மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது, பயிற்சி செய்ய வேண்டும், அப்படியும் தேறாவிட்டால் ஆபரேஷன். "முழுசா கிழிஞ்சா கையைத் தூக்கவே முடியாதும்மா."

மறுநாளிலிருந்து அவள் தம்பி காலையில் வந்து அத்தானைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வேலைக்கு ஓடினான்; மாலையில் வந்து படுக்கவைத்தான். கணவன் தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சமாகத் தொடங்கியது. பசியில்லை என்றான். நான்காம் நாள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க பட்டினி கிடந்து இளைச்சா என் தோள் ஒட்டிக்குமா?"

"வேற என்னத்த பண்ணச் சொல்ற?"

"கட்டிலுக்கடியில கிடக்குதே, அதை எடுக்கலாம்."

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவனே நகர்ந்துகொள்ள ஆஸ்பத்திரியில் முதலிலேயே கொடுத்த வழவழப்பான பலகை அது. விழுந்துவிடுவேன், நீயே தூக்கு என்று அன்று சொல்லிவிட்டான். அவளும் வற்புறுத்தவில்லை. தூக்கும்போது அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் அவன் யார்மீதும் எரிந்து விழாமல் இருந்தான். வலி தொடங்கி ஐந்து மாதமாகியும் அவள் வாயைத் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். டாக்டரிடம் அதைச் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் இருவருக்கும் வேலை வைத்தாள். மனைவி சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்ற வேண்டும். அவன் பலகையில் கை ஊன்றி நகர வேண்டும். முதல் நாள் பாதியில் நின்று வியர்த்தான். மூன்றாம் நாள் பக்கவாட்டில் சாய்ந்தவனை மைத்துனன் பிடித்துக்கொண்டான்.

பத்தாம் நாள் காலை, தம்பி வருவதற்குள், அவன் தானே பலகையைப் போட்டுக்கொண்டான். அவளுடைய இடது கை தன்னையறியாமல் நீண்டது.

"தொடாத."

பல்லைக் கடித்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, நாற்காலியில் போய் விழுந்தான். மூச்சு வாங்கியது. பிறகு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் செய்ய அவளுக்கு எதுவும் இருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் படுத்திருந்த பள்ளம் இன்னும் சூடாக இருந்தது.