இரண்டு பள்ளங்கள்

லிஃப்ட் மெக்கானிக் ஏணியிலிருந்து விழுந்து, வலது முழங்கை மூட்டு விலகி இரண்டு மாதமாகிறது. மூட்டைப் பொருத்திய டாக்டர், "யாரும் அமுக்கக் கூடாது, உருவக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னார். கேட்கிற ஆளா மெக்கானிக்கின் மனைவி? ரொட்டிக் கடையில் பன்னிரண்டு வருடமாக மாவு பிசைகிறவள். தன் பெருவிரலுக்கு மசியாதது எதுவும் கிடையாது என்ற திமிர் அவளுக்கு.

மதியம் மாத்திரை போட்டு அவர் அசந்த நேரம் பார்த்து, முழங்கைக்கு மேலே இரண்டு பெருவிரல்களையும் ஊன்றி அழுத்துவாள். மூன்றாவது வாரம் உள்ளே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. எலும்பு சரியாக உட்காரவில்லை போல என்று இன்னும் பலமாக அழுத்தினாள். அது கரையவில்லை, தடித்தது. சில நாள் அதுவே அவள் விரலைத் திருப்பி அழுத்துவது போலிருந்தது. கை பாதி மடிந்தபடி இறுகிப் போனது. நீட்ட முடியாத கைக்கு யார் ஸ்பேனரைக் கொடுப்பார்கள்?

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். "சதைக்குள்ள எலும்பு வளர்ந்திருக்கு. அடிபட்ட இடத்தை மறுபடி மறுபடி நோகடிச்சா சிலருக்கு இப்படி ஆகும். யாராச்சும் அமுக்கினீங்களா?"

"இவ கிட்டகூட வரமாட்டா சார்," என்றார் கணவர்.

அவள் எக்ஸ்ரேயை நெருங்கிப் பார்த்தாள். படத்தில் வெள்ளைக் கட்டியின் மேல் அருகருகே இரண்டு பள்ளங்கள். டாக்டர் திரும்பிய நேரம் பெருவிரல்களை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தின.

"இப்ப வெட்ட முடியாது. அது முத்தி, வளர்ச்சி நிக்கணும். பல மாசம் ஆகும். அப்புறம் ஆபரேஷன் பண்ணா கை நீளும். அதுக்குள்ள மறுபடி நோகடிச்சீங்கன்னா, எனக்கு நம்பிக்கை இல்ல."

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். "நான்தாங்க. தினமும் நீங்க தூங்குறப்ப..."

"தெரியும். முழிச்சுதான் இருந்தேன்."

"வலிச்சிருக்குமே! ஏன் சொல்லல?"

"உயிரே போச்சு. ஆனா சொன்னா நிறுத்திடுவியே. நாலு வருஷத்துல நீ என்னைத் தொட்டது அப்பதான்."

அவள் உடைந்து போனாள். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே இதைப் பிடிச்சுக்குறேன், போதுமா?"

அவர் அதை மெதுவாக உருவிக்கொண்டு, மடங்கிய வலது கையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"அது வேணாம்," என்றார். "இதுக்குத்தான் உன்னைத் தெரியும். அமுக்கு."

தாலி கட்டியவரைப் பார்க்க அவளுக்கு முதன்முறையாகப் பயமாக இருந்தது.