முகங்கள் ஒன்றாகிப்போன விவாதம்

விவாதம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது மண்டபத்தில் இரண்டே முகங்கள்தான் மிச்சமிருந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்து குடியேறிய அக்கரைக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு முகம், இக்கரைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இன்னொன்று. ஆண்களுக்கு மீசை மட்டும் கூடுதல். இரண்டுமே சுமாரான முகங்கள், குறை சொல்ல எதுவுமில்லை.

இந்த வேலையைச் செய்தவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். புருஷன் இக்கரை, நகரசபையில் புள்ளிவிவர அதிகாரி. பெண்டாட்டி ஆற்றைத் தாண்டி வந்த குடும்பத்து வக்கீல். பள்ளிகளில் ஒரு பரீட்சை வைத்து, அக்கரைப் பிள்ளைகளுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது, பிறவியே அப்படி என்று அதிகாரி அறிக்கை எழுத, அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் போட நகரசபை கிளம்பியது. ஊர் கொதித்தது. இது அறிவியலா இனவெறியா என்று மண்டபம் பிடித்து விவாதம் வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக இவர்கள் இருவரும் மேடையேறினார்கள். ஜன்னல் கம்பியில்கூட ஆள் தொங்கியது. தனக்கு யார் மேலும் வெறுப்பில்லை, கட்டியவளே அக்கரைதான் என்று ஆரம்பித்த அதிகாரி, "புள்ளிவிவரம் பொய் சொல்லாதுங்க. அவங்க எல்லாருமே அப்படித்தான்" என்று முடித்தார். அந்த நொடியில் அக்கரைக்காரர்கள் இருந்த பாதி மண்டபத்துக்கு மூக்கு நகர்ந்து முகம் ஒன்றானது. வக்கீலம்மா விடுவாரா? "இக்கரைக்காரங்க எல்லாருமே இனவெறி பிடிச்சவங்க. எங்க வீட்டுல இருக்கறவரையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். மறுபாதிக்கும் நகர்ந்தது. கைதட்டின மும்முரத்தில் யாரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ஊரே அமர்க்களப்பட்டது. போட்டோக்காரர் இரண்டே படங்களை வைத்துக்கொண்டு எல்லாருடைய அடையாள அட்டையையும் முடித்துக் கொடுத்தார். மேலதிகாரி என்று நினைத்து ஒருவர் பியூனுக்கு வணக்கம் வைக்க, பியூன் லீவு கொடுத்துவிட்டார். காதலர்களுக்குத் தைரியம் வந்தது. வக்கீலம்மா மட்டும் வீடு திரும்பவில்லை. அதே முகத்தோடு ஆயிரம் பேர் நடமாடும்போது ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டியதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் அக்கரைப் பெண்கள் எல்லாரும் "நானில்லை" என்றார்கள். அன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்பதும் அதிகாரிக்குத் தெரியவில்லை. ஊர்ப் புள்ளிவிவரம் முழுவதும் விரல்நுனியில் வைத்திருந்த மனிதர். இனி அவள் வரவே மாட்டாளோ என்று தோன்றியது.

நீதிமன்றத்துக்கு ஓடினார். தாழ்வாரத்தில் எதிரே வந்த அக்கரைப் பெண்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தினார். மேடையில் அவ்வளவு சுலபமாக வந்த வாக்கியம் இந்த முகத்துக்கு நேரே வாயில் வரவில்லை, எதிரே நிற்பது யாராயிருந்தாலும் அது அவளாக இருக்கலாம். அதனால் வேறொன்றைச் சொன்னார். "பரீட்சைத் தாள் எங்க பாஷையில இருந்துச்சுங்க, உங்க பாஷையில இல்ல. உங்க பசங்களுக்குக் கேள்வியே புரிஞ்சிருக்காது. தெரிஞ்சேதான் அதை அறிக்கையில எழுதாம விட்டேன்." சிலர் திட்டினார்கள். ஒருவர் கைப்பையாலேயே ஒன்று வைத்தார். அதிகாரி நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவி, தனி வகுப்புத் திட்டத்தை நகரசபை சத்தமில்லாமல் கைவிட்டது.

நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற பெண் திட்டவுமில்லை, நகரவுமில்லை.

"இதை மேடையிலயே சொல்லியிருக்கலாமே?"

"தோத்திருப்பேன்."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றவர், காகிதக் கட்டை அடுக்கிக்கொண்டே, "நானும் 'எல்லாருமே'ன்னு சொன்னது அதிகம்தான். முக்கால்வாசிப் பேர்னு வச்சுக்கலாம்" என்றார்.

அதிகாரிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உலகத்தில் இப்படிப் பேரம் பேசக்கூடியவர் ஒருவர்தான்.

"முக்கால்வாசின்னு எப்படி அளந்தே?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீடு வரைக்கும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். பழைய முகங்கள் யாருக்கும் திரும்பி வரவில்லை, கேட்டுப் போனவர்களும் இல்லை. இப்போதெல்லாம் அந்த ஊரில் ஒருவர் யாரென்று தெரிய வேண்டுமானால், கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்கிறார்கள்.