கூட்டினால் எட்டு

சண்முகராசாவுக்கு வாயால்தான் எல்லா வினையும் வரும். இந்தமுறை வந்தது சகலன் தியாகராஜா வீட்டுக் கலியாணத்தில், சாப்பாட்டு மேசையில்.

தியாகராஜாவின் மகள் மண்டப வாசலில் வந்து இறங்கிய கார், வாடகைக்கு எடுத்த நீளமான வெள்ளைக் கார். பெண்ணின் கால் நிலத்தில் படுமுன்பே மேசைகளில் அதன் வாடகை எவ்வளவு என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. சகலனின் புகழ் பாயாசம் வரைக்கும் நீண்டது. அதைச் சண்முகராசாவால் பொறுக்க முடியவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"என்ர பிள்ளை வாடகைக் காரில வரமாட்டாள். சொந்தக் காரில வருவாள். அதுவும் கிளாசிக் கார்."

மகள் ஜதுர்ஷிகாவுக்கு அடுத்த ஆவணியில் கலியாணம் என்று அப்போது நிச்சயமாகியிருந்தது. ஆகவே சொன்னது காற்றோடு போகவில்லை. தியாகராஜா மேசைக்கே வந்து, அவர் தோளில் தட்டி, "நல்ல யோசனை தம்பி, பாப்பம்" என்றார். அந்தப் 'பாப்பம்' சண்முகராசாவை ஒரு வருசம் விரட்டியது.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் உள்ள தன் வீட்டுக்கு வந்து, கிளாசிக் கார்களின் விலையைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தலை சுற்றியது. படத்தில் கண்டு ஆசைப்பட்டவற்றின் விலைக்கு அந்த வீட்டின் மாடியையே விற்க வேண்டும். கடைசியில் கைக்கு எட்டக்கூடியதாக மிஞ்சியது மொறிஸ் மைனர். உருண்டையான முகம், பெரிய கண்கள், யாரோடும் சண்டைக்குப் போகாத கார். வயது அறுபதுக்குக் கிட்ட. நாற்பதைத் தாண்டிய காருக்கு றோட் ராக்ஸ் என்ற வீதி வரி கிடையாது, லண்டன் புகைக் கட்டணமும் கிடையாது என்று அறிந்ததும், அரசாங்கமே தன்னைத்தான் மனதில் வைத்துச் சட்டம் போட்டிருக்கிறது என்று முடிவுகட்டினார்.

ஆனால் மலிவான மொறிஸ் மைனருக்கும் காசு வேண்டும். வீட்டில் இருந்த ஒரே காசு, மனைவி சிவகௌரி சீட்டுப் பிடித்து எடுத்த நாலாயிரம் பவுண்ஸ். அது குசினிக்கு என்று வைத்தது. அந்தக் குசினியில் ஒரு அலுமாரிக் கதவைத் திறந்தால் கையோடு வரும்; அடுப்பின் நாலு வாயில் இரண்டு மட்டுமே எரியும். பத்து வருசமாகப் புதுக் குசினி, புதுக் குசினி என்று சொல்லிக்கொண்டு அதற்குள்ளேதான் அவள் முழுச் சமையலும் செய்தாள்.

சிவகௌரி சத்தம் போடவில்லை. காசை மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை ஏறி மண்டபத்துக்குப் போனால் அது கார். போகாட்டி, என்ர குசினியைக் கொண்டுபோய் றோட்டில நிப்பாட்டி வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். சண்முகராசா பெருந்தன்மையோடு சிரித்தார்.

காரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். இருபது வருசம் பெற்றோல் ஸ்ரேசன் மனேஜராக இருந்தவர். லட்சக்கணக்கான கார்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறார். ஒன்றின் பொனற்றையும் திறந்ததில்லை என்பது வேறு கதை.

அவர் உண்மையாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: நம்பர் பிளேட். அதிலுள்ள இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது. எட்டு சனியனின் எண். அவர் முதன்முதலில் வாங்கி ஓட்டிய வானின் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு. அது ஒரே மாதத்தில் களவு போனது. திறப்பை வானிலேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனதை அவர் எந்தக் காலத்திலும் கணக்கில் எடுத்ததில்லை. இங்கே நம்பர் பிளேட்டில் இங்கிலீஷ் எழுத்துகளும் இருக்கின்றனவே, அவற்றையும் கூட்ட வேண்டாமா என்று ஜதுர்ஷிகா ஒருமுறை கேட்டாள். சனீஸ்வரனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சண்முகராசா தீர்ப்பளித்தார்.

முதலில் அகப்பட்டது ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பச்சை மொறிஸ் மைனர். அதன் சொந்தக்காரர் கஸ்பர், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், ஓய்வுபெற்ற பஸ் றைவர். முழங்கால் வலி வந்து கிளச் மிதிக்க ஏலாததால் காரை விற்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. அடியில் டோர்ச் அடித்துக் காட்டினார், துரு இல்லை. சண்முகராசாவை ஏற்றிக்கொண்டு வான்ஸ்ரெட் வெளியைச் சுற்றி வந்தார். கார் தையல் மெசின் போல ஓடியது. எங்கட ஆள் என்று விலையிலும் ஐந்நூறைக் குறைத்தார். அந்த மனிதரின் மனைவி கேக் வெட்டி வைத்தாள். சண்முகராசாவுக்கு அந்தக் காரை உண்மையிலேயே பிடித்துவிட்டது. மகள் அதன் பின்சீற்றில் முகூர்த்தச் சேலையோடு இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கேக்கை விழுங்கிக்கொண்டு வெளியே வந்து, அப்போதுதான் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

மூன்று, சைபர், ஐந்து.

கூட்டினால் எட்டு. "வீட்டில கேட்டிட்டுச் சொல்லுறன்" என்றார். தமிழர்களிடையே இந்த வாக்கியத்துக்கு ஒரே ஒரு பொருள்தான். கஸ்பர் டோர்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டில் என்ஜின் சத்தம் சரியில்லை என்று சொல்லிவைத்தார். இரண்டு கிழமை இணையத்தில் படம் படமாகத் தேடினார். ஒவ்வொரு காரிலும் முகத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை, மூக்குக்குக் கீழே உள்ள இலக்கங்களையே பார்த்தார். ஒருநாள் காலை எசெக்ஸ் பக்கத்துக் கொட்டில் ஒன்றில் நிற்கும் கிறீம் நிற மொறிஸ் மைனர் கண்ணில் பட்டது. நான்கு, இரண்டு, மூன்று. ஒன்பது! முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளம்பரத்தில் அந்தப் படத்துக்குக் கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தது. ஒன்பதுக்குக் கீழே வாசிக்க என்ன இருக்கிறது? வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்று பதறி, போய்ப் பாராமலே முழுக்காசையும் அனுப்பினார். நாலாயிரத்தில் மிஞ்சியது லொறிக் கூலிக்குச் சரி.

அன்று பின்னேரமே கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் சகலனுக்குப் போன் எடுத்தார். கார் வாங்கின செய்தியைச் சொல்லி, அத்தோடு நிற்காமல், தன் கூர்மையையும் விளக்கினார். "ஃபாரஸ்ட் கேட்டில கஸ்பர் எண்டு ஒருத்தரிட்ட தங்கமான கார் ஒண்டு பாத்தனான் அண்ணை. ஒரு துரு இல்லை. ஆனால் கூட்டினால் எட்டு. விட்டிட்டன்." தியாகராஜா அக்கறையோடு கஸ்பரின் முகவரியைக் கேட்டார். சண்முகராசா அக்கறையோடு சொன்னார். அவ்வளவும் குசினியில் நின்ற சிவகௌரியின் காதில் விழுந்தது.

இரண்டு கிழமை கழித்துக் கார் லொறியில் வந்து இறங்கியது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவகௌரி கற்பூரத் தட்டோடு வாசலில் நின்றாள். சண்முகராசா நேரே முன்பக்கம் போய்க் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நம்பர் பிளேட் புதிதாக மினுங்கியது. ஐந்து, ஒன்று, இரண்டு.

தவறான காரைக் கொண்டுவந்துவிட்டான் என்று லொறிக்காரனோடு வாக்குவாதப்பட்டார். ஜதுர்ஷிகா தன் போனில் அந்த விளம்பரத்தை எடுத்துக் கடைசி வரியை வாசித்தாள். பழைய நம்பர் சொந்தக்காரரின் குடும்ப நம்பர். அதை அவர் கழற்றி எடுத்துக்கொள்வார். காருக்கு அரசாங்கம் வேறு நம்பர் கொடுக்கும். கொட்டிலில் முப்பது வருசம் ஈரத்தில் நின்ற கார், தரையில் பழுது உண்டு என்பதும் அதற்கு மேல்வரியில் இருந்தது. சிவகௌரி காலடிப் பாயைத் தூக்கிப் பார்த்தாள். பிளேஸ்டோ றோட் தெரிந்தது.

அன்று இரவு முழுக்க சண்முகராசா கடதாசியில் கூட்டினார். காலையில் முகம் தெளிந்து வந்தார். எழுத்துகளுக்கும் எண்கள் உண்டாம். அவற்றையும் சேர்த்தால் எட்டு இல்லை, ஐந்து. புதனின் எண், மங்களம்.

"சனீஸ்வரனுக்கு இங்கிலீஷ் தெரியாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள் சிவகௌரி.

"இவ்வளவு காலம் லண்டனுக்கு மேலால போய் வாறார். படிச்சிருப்பார்."

"அப்ப கஸ்பர் அண்ணையின்ர காருக்கு எழுத்தையும் கூட்டினால் எத்தினை?"

சண்முகராசா கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரவே கூட்டிப் பார்த்திருந்தார். ஒன்று. சூரியனின் எண். அதைவிடச் சிறந்த எண் கிடையாது.

ஜதுர்ஷிகா கோப்பியைக் கலக்கிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாள். "அப்பா, வொய் ஆர் யூ ஸ்ட்ரெஸிங்? நம்பரை மாத்தலாம்தானே. ஒன்லைன்ல வாங்கிப் போடலாம். வட அயர்லாந்து நம்பர் எண்டால் இருநூறு பவுண்ஸும் வராது."

"எல்லாக் காருக்கும் ஏலுமோ?"

"ஓம்."

"பச்சைக் காருக்கும்?"

"எனி கார், அப்பா."

ஒரு காரில் என்ஜினை மாற்றுவது கஷ்டம், துருவை மாற்றுவது கஷ்டம். சுளுவாக மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று; அதைப் பார்த்துத்தான் அவர் காரைத் தெரிவு செய்திருக்கிறார். மனிதரை வெட்கம் பிடுங்கித் தின்றது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டுக்கு ஓடினார். கஸ்பரின் வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. போன கிழமையே விற்றுவிட்டேன் என்றார் கஸ்பர். வாங்கியவர் கோலியர்ஸ் வுட்டில் இருந்து வந்தாராம், வீட்டில் கேட்காமலே காசை எண்ணினாராம்.

கோலியர்ஸ் வுட்டில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அதன் பிறகும் சண்முகராசா விடவில்லை. தரைக்குத் தகடு அடித்தார், பற்றறி மாற்றினார், கிறீம் நிறத்துக்கு மேலே கிறீம் நிறம் பூசினார்; நம்பர் மாற்றக் காசு மிஞ்சவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் கார் தெரு முனைவரை போய்த் திரும்பியது. அதைப் பார்த்துச் சிவகௌரிக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கலியாணக் காலை நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார்கள். வழக்கம் என்னவென்றால் கார் அவற்றை நசித்துக்கொண்டு புறப்பட வேண்டும், திருஷ்டி கழியும். ஜதுர்ஷிகா பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்சீற்றில் ஏறினாள். சண்முகராசா திறப்பைத் திருகினார். கார் இருமியது, குலுங்கியது, ஒரு விரற்கடை முன்னே போய்த் தேசிக்காய்களைத் தொட்டது. அங்கேயே நின்றது. மறுபடி திருகினார். எங்கோ அடியில் இருந்து ஏதோ ஒன்று விழுந்து உருண்டு தெருவோரக் கானுக்குள் போனது. தேசிக்காய்கள் நாலும் முழுசாக இருந்தன.

முகூர்த்தம் நெருங்கியது. கலியாணக் கூட்டத்தில் எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். அந்த நேரம் தெரு முனையில் பச்சை மொறிஸ் மைனர் ஒன்று, மாலை போட்ட மாதிரி நாடா கட்டி, தையல் மெசின் சத்தத்தோடு திரும்பி வந்தது. தியாகராஜா பட்டுவேட்டியோடு இறங்கினார். அதன் நம்பர் புதிது. சண்முகராசா தன்னையறியாமல் கூட்டினார். ஒன்பது.

"பிள்ளை ஏறட்டும்" என்றார் தியாகராஜா. சிவகௌரி மகளின் கையைப் பிடித்து இறக்கி, பச்சைக் காரில் ஏற்றினாள். கணவனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்சீற்றில் ஒரு இடம் இருந்தது. பெண்ணின் தகப்பன் மினிகாபில் போக முடியாது. சண்முகராசா அதில் ஏறிச் சகலனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

கார் ஈஸ்ற்ஹாம் வரை ஒரு இருமல் இல்லாமல் ஓடியது. எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "நல்லா ஓடுது அண்ணை" என்றார்.

"ஓடாமல்? தெரிஞ்செடுத்தது நீர்தானே" என்றார் தியாகராஜா. அதில் கேலி இருந்ததா என்று சண்முகராசா அவர் முகத்தில் தேடினார். இருக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மண்டப வாசலில் சனம் காரைச் சூழ்ந்தது. யாருடையது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தியாகராஜா, தெரிவு சகலனுடையது என்றே சொன்னார். வந்து கைகுலுக்கியவர்களிடம் சண்முகராசா ஓம், ஓம் என்றார். பொய்யும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் தியாகராஜாவின் மனைவி யசோதினி, தங்கையின் பக்கத்தில் வந்து இருந்து, நாலு பேர் கேட்க விசாரித்தாள். போன வருசமே சீட்டு எடுத்தாயே, குசினி செய்வித்தாச்சோ என்று.

"ஓம் அக்கா, முடிஞ்சுது" என்றாள் சிவகௌரி, பாயாசத்தைக் கலக்கிக்கொண்டு. "வாசலில நிக்குது. கிறீம் நிறம். கூட்டினால் எட்டு."

சண்முகராசா அப்பளத்தை நொறுக்கினார். இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை.