காப்புக் கட்டிய கை

"மாத்திரை செத்துப்போச்சு, பாண்டீசு," என்றார் ஈஸ்வரபாண்டி மனைவியிடம். அவர் பிடித்திருந்த பால் டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"மாத்திரை எங்கயாச்சும் சாகுமா? பேசாம குடிங்க."

அவருக்கு நடுக்குவாதம் வந்து நாலு வருசம். மாத்திரை போட்ட அரை மணியில் கை அடங்கும். மூன்று மணி நேரத்துக்கு அவர் பழைய ஆள். கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கத்தரி பிடிப்பார். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டி விரதம் தொடங்கிய நாளிலிருந்து ஆறு நாளாக மாத்திரை வேலை செய்யவே இல்லை.

"நாளைக்குக் காலையில கை நிக்கலேன்னா சட்டியத் தொடமாட்டேன். ஆத்தாளுக்கே நான் வர்றது பிடிக்கல போல."

பாண்டீஸ்வரி டம்ளரை வாங்கி வைத்தாள். உள்ளுக்குள் நிம்மதிதான். கூட்டத்துக்கு நடுவே இந்தக் கை நெருப்போடு ஆடுவதை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் அவர் "ரெண்டா போட்டுப் பாக்குறேன்" என்று டப்பாவை எடுக்கவும், அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தேனி ஆஸ்பத்திரி நர்ஸ் கயலுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டெல்லாம் ஆகாதுக்கா! டாக்டர் எழுதுனதுதான். எதோட போடுறாக?"

"விரதம்ல தாயி. சோறு ஒருவேளைதான். வெறும் வயித்துல எதுக்குன்னு டம்ளர் நெறையப் பாலு குடுத்து..."

"பாலா? யக்கா, பாலு மாத்திரைய ஏறவே விடாது! வெறும் தண்ணியில போடச் சொல்லுங்க. பாலெல்லாம் ஒரு மணி நேரம் கழிச்சு."

உள்ளே வந்தாள்.

"யாரு போன்ல?"

"என் தம்பிதான்."

அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். சொன்னால் கை நிற்கும். கை நின்றால் நெருப்பைத் தூக்குவார். ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டால் போதும். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

சாயங்கால மாத்திரைக்கு நேரமானது. பாலை ஆற்றினாள். அறைக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது.

"ஏ புள்ள... இந்த வேட்டியக் கொஞ்சம் கட்டிவிடேன்."

நாலு வருசத்தில் அவர் அதைக் கேட்டதில்லை.

கட்டிவிட்டாள். பாலைப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அரை மணி கழித்து அவர் கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் அப்படியே நின்றன.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!"

"பாலு குடுத்துக் கெடுத்தது நான். தண்ணியில போடணுமாம். கயலு மத்தியானமே சொல்லிருச்சு."

"மத்தியானமேவா? ஏன் சொல்லல?"

"சொன்னா நெருப்பத் தூக்கிட்டுப் போயிருவீங்க."

அவள் உள்ளே போய் மஞ்சள் கயிற்றோடு வந்தாள்.

"பத்து மணிக்குச் சட்டின்னா ஒன்பதரைக்கு மாத்திரை. வழியில கை லேசா ஆடுனாலும் சட்டி என் கைக்கு வரணும்."

"காப்புக் கட்டாதவ தொடக் கூடாது."

"அதுக்குத்தான் கயிறு."

"விரதம்?"

"ஒங்களுக்கு ஒருவேளை பொங்கிப்போட்டு, நான் மட்டும் மூணுவேளையா தின்னேன்? கட்டுங்க. அவுந்துச்சுன்னா ரெண்டு பேரும் போகல."

முதல் சுற்று நழுவியது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்; மாத்திரை போட்டு முக்கால் மணிதான் ஆகியிருந்தது. அவர் கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இழுத்தார்.

அவள் கையை உதறினாள். இன்னொரு தடவை, இன்னும் வேகமாக உதறினாள்.

முடிச்சு அவிழவில்லை.