சாரல் மார்க்கின் சரித்திரம்

தென்காசியில் முகம்மது மீரான் ராவுத்தரின் பொடிக் கம்பெனிக்கு இருபத்தைந்து வயது நிறைந்த வருஷம், 1938. அதன் சரித்திரத்தை எழுதும் வேலை ஏசுவடியான் தலையில் வந்து விழுந்தது. அவன் அங்கே மூக்குப்பொடி டப்பிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவன். வேலை முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு மிஷன் பள்ளிக்கூடத்து மாலை வகுப்புக்கு ஓடுவான். தினமும் நடந்ததை நோட்டில் எழுதும் பழக்கம் அங்கே தொற்றியது. எழுதிவிட்டு, நிச்சயமில்லாத வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவான். சில பக்கங்களில் வரிகளைவிடக் கேள்விக்குறிகள்தான் அதிகம்.

"ஏலே, உனக்கு எழுத்து முத்து முத்தா வருதாம்லா?" என்றார் ராவுத்தர். "நம்ம கம்பெனிக்கு ஒரு பொஸ்தகம் போடணும். சீசனுக்குக் குத்தாலம் வாற ஆளுக்கெல்லாம் ஒண்ணு குடுக்கணும்."

"என்ன எழுதணும் மொதலாளி?"

"எல்லாந்தான். நான் தகரப் பெட்டியச் சொமந்து அருவிக்கரையில பொடி வித்தேன்லா, அதுல இருந்து தொடங்கு. குளிச்சிட்டு வெடவெடன்னு வாறவனுக்கு ஒரு சிட்டிகை. தடுமம் புடிக்காதுன்னு சொல்லித்தான் வித்தேன். பொறவு காரப் பொடி, வாழமட்டையில கட்டுத மட்டைப் பொடி, வெத்தலைக்குப் போடுத பன்னீர்ப் பொகையில, எல்லாம் எழுது. சாரல் மார்க்கு மட்டும் நான் சொல்லுத மாதிரி வரணும். செம்பகாதேவி அருவிக்கு மேல தவம் இருந்த ஒருத்தர் எனக்கு அந்தப் பக்குவத்தச் சொன்னாரு."

"சாமியாரா மொதலாளி?"

"சாமியார்னு போட்டா நம்மாளு மொகஞ்சுளிப்பான். பக்கீர்னு போட்டா உங்காளும் மத்தாளும் யோசிப்பான். பெரியவர்னு போடு. எல்லாப் பயலும் வாங்குவான்."

உரலில் புகையிலை இடித்துக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி உலக்கையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். ஏசுவடியானும் சிரித்து வைத்தான். 

சாரல் மார்க் நெய்ப் பொடியைக் கண்டுபிடித்தவள் யார் என்று அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய அக்கா ரெபேக்காள்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் பதினாறு வயதில் புகையிலை வறுக்க வந்த முதல் ஆனி மாதம், மேற்கே இருந்து அடித்த சாரல் கொட்டகைக்குள் புகுந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இலை முழுவதையும் நனைத்துவிட்டது. பூஞ்சை பிடிக்கும் முன் காப்பாற்ற வேண்டுமே என்று, ஒரு தடவை வறுத்த இலையையே அவள் மறுபடி வறுத்தாள். அது முறுகிப்போகும் என்று பயந்து, சட்டி ஆறும்போதே நெய்யை ஊற்றிப் பிசைந்தாள். வழக்கமாக நெய் கடைசியில், இடித்த பொடியில்தான் சேரும். நெய்யைப் பாழாக்கினாள் என்று ராவுத்தர் அன்றைக்கு அவளைக் கொட்டகை வாசலில் நிற்கவைத்து ஏசினார். மூன்றாம் நாள் அந்தப் பொடியைக் கேட்டுக் கடைவாசலில் ஆள் நின்றது. அருவிப் படம் போட்ட லேபிள் அதற்குப் பிறகு வந்தது.

இப்போது ரெபேக்காளுக்கு இருமல். பெருநாள் கழிந்ததும் வறுக்கிற சட்டிக்கு ஆளை மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த இடத்தின் மேல் இசக்கிப்பாண்டிக்கு ஒரு கண். "உங்கக்கா இருமுத இருமல்ல சட்டியே ஆடுதுலே, பாத்துக்கோ," என்று போகிறபோக்கில் சொல்வான். புருஷன் இல்லாத அவளுக்கு அந்தச் சட்டியை விட்டால் கைவேலை வேறு கிடையாது. அச்சடித்த புத்தகத்தில் அவள் பெயர் ஏறிவிட்டால் அவளை வெளியே அனுப்ப ராவுத்தருக்கு வாய் வராது என்று ஏசுவடியான் கணக்குப் போட்டான்.

"எம்பேரு எதுக்குலே அதுல?" என்றாள் ரெபேக்காள். கஞ்சியை ஊற்றிவிட்டு, "ஒரு வரி வந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள்.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு வேலையை அதைப் பார்த்தே இராதவனும் படித்துச் செய்கிற மாதிரி எழுத வேண்டும். சோறு வடிப்பதை எழுதி ஏசுவடியான் பாராட்டு வாங்கியிருந்தான். அதே முறையில் மூன்று நாள் அக்காவின் சட்டிக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தான்.

"எந்த வாசம் வந்தா எறக்கணும் அக்கா?"

அவள் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "வாசமா? அது என்னைய விட்டுப் போயி மூணு வருசம் ஆச்சு. நெடி ஏறி ஏறி மூக்கு செத்துப்போச்சுலே. அடுத்த வீட்டுல கருவாடு பொரிச்சாக்கூட எனக்குத் தெரியாது."

"அப்போ எப்படித்தான் பாக்க?"

அவள் ஒரு இலையை எடுத்துக் காதோரம் வைத்து விரல்களால் நெருடினாள். "ஈரம் இருந்தா பேசாது. பாதி வெந்தா சரசரங்கும். கல்லுப்பு நொறுங்குத மாதிரி ஒரு சத்தம் வருது பாரு, அப்ப எறக்கிரணும். பொறவு சட்டி விளிம்புல உள்ளங்கைய வச்சுக்கிட்டு பரமண்டல செபம் சொல்லுவேன். 'எங்கள் அப்பத்தைத் தாரும்'னு கேக்குத எடம் வரைக்கும் கை பொறுத்தா நெய்ய ஊத்தலாம். அதுக்கு முந்திச் சுட்டா ஊத்தக் கூடாது, காந்திக் கருகிரும்."

இதை யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. கேட்டவன் தம்பிதானே.

ஏசுவடியானுக்கு உடம்பு சிலிர்த்தது. மூக்கே இல்லாமல் ஊருக்கெல்லாம் பொடி பண்ணுகிறாள். இதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்? மூக்கு போன வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். விட்டுவிட்டால் பாதி உண்மைதானே ஆகும் என்று தோன்றியது. செபம் எல்லோருக்கும் தெரியாது என்பதால், அவள் சொல்லச் சொல்ல மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். ஒரு நாள் இருபத்தொன்று, இரண்டு நாள் இருபத்திரண்டு. இருபத்திரண்டு என்று எழுதினான். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறியும் இல்லை.

ராவுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தகரப் பெட்டிப் பக்கங்களில் தலையை ஆட்டினார். சாரல் மார்க் பக்கம் வந்ததும் ஆட்டம் நின்றது. திரும்பவும் மேலிருந்து வாசித்தார்.

"இது நெசமாலே? காதுல வச்சா பாக்குதா?"

"ஆமா மொதலாளி."

"இருபத்திரெண்டு எண்ணணுமா?"

"மூணு நாள் எண்ணிப் பாத்தேன் மொதலாளி. ஒரு நாள் ஒண்ணு கொறைஞ்சுது. இருபத்திரெண்டுதான் சரி." குரலில் ஏறிய பெருமையை அவனால் அடக்க முடியவில்லை.

ராவுத்தர் அந்தத் தாளை மட்டும் தனியே உருவி மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருசமாக் கேக்கேன். 'என்னமோ கை வாக்கு மொதலாளி'ன்னே சொல்லிட்டா. அதுக்காகவே அவ இருமலப் பொறுத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு உரல் பக்கம் திரும்பினார். "எசக்கிப்பாண்டி! இங்கன வா."

"மொதலாளி, அக்கா பேரு..."

"மூக்கு செத்தவள வச்சு மீரான் பொடி பண்ணுதான்னு ஊருல தெரிஞ்சா ஒரு டப்பி விக்குமாலே? நீயே சொல்லு. அவள நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிரு. பொஸ்தகத்துல அந்தப் பெரியவரே இருந்துட்டுப் போறாரு."

வீட்டில் சொல்லி முடித்தபோது ரெபேக்காள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"என்ன எழுதுனேன்னு வாசி," என்றாள்.

நோட்டில் இருந்த நகலை வாசித்தான். ஈரம், சரசரப்பு, கல்லுப்பு, விளிம்பு, இருபத்திரண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஒரு எடத்துலயும் தப்பு இல்லலே," என்றாள். "அப்படியே எழுதியிருக்க."

ஏசியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையில் அருவி, உள்ளே நீண்ட தாடியோடு ஒரு பெரியவர் படம். ஏசுவடியான் அவற்றை நூறு நூறாகக் கட்டினான். கொட்டகைக்குள் இசக்கிப்பாண்டி இலையைக் காதில் வைத்து நெருடினான். சட்டியை இறக்கினான். விளிம்பில் கையை வைத்தான். "இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு" என்று வாய்விட்டு எண்ணி நெய்யை ஊற்றினான். வாசம் எழும்பிக் கொட்டகை முழுக்க நிறைந்தது. ராவுத்தர் ஒரு சிட்டிகை இழுத்துப் பார்த்து, "அதே பொடி," என்றார். அதே பொடிதான். ஏசுவடியானின் மூக்குக்கும் தெரிந்தது.

அன்று அவன் வகுப்புக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்தான். ரெபேக்காள் அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்.

"எசக்கிப்பாண்டிக்கு எப்படி வந்துச்சுலே?"

"காந்திப்போச்சு அக்கா. சட்டியோட கீழ கொட்டுனாங்க."

நோட்டுக்காரனான அவன் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. அவள் எழுந்து வந்தாள். நெய்யும் புகையிலையும் மணத்துக்கொண்டிருந்த அவன் சட்டைக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், மூச்சை ஆழ இழுத்தாள்.

"ஆமாலே," என்றாள். "காந்துன வாடைதான்."