கர்ச்சீப் போட்ட சீட்

அறையில் நாலு பேர். மேசைக்குப் பின்னால் டாக்டர் கோவிந்தப்பா. எதிரே முழுக்கைச் சட்டையில் சில்வெஸ்டர். பக்கத்தில் அவன் மனைவி ஆஞ்சலா, மடியில் காபி பிளாஸ்க். மாத்திரைத் தட்டோடு நர்ஸ் பியாட்ரிஸ்.

தொம்மலூரில் போதையை விடவைக்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. பியாட்ரிஸின் தம்பி லாயிட்டுக்கு ஊசிப் பழக்கத்தைக் காட்டியவன் இந்த சில்வெஸ்டர்தான். லாயிட் மூன்று மாதம் விட்டிருந்தான். மருந்தைத் தாங்கும் பழக்கத்தை உடம்பு மறந்துபோயிருந்தது. அந்த உடம்பில் சில்வெஸ்டர் பழைய அளவையே ஏற்றினான். லாயிட்டுக்கு மூச்சு நின்றதும் ஓடிவிட்டான்.

டாக்டர் ஆஞ்சலாவுக்கு விளக்கினார். "சிவாஜிநகர் பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்பாங்கல்லம்மா? மூளையிலயும் சீட் இருக்கு. போதை மருந்து அதுல உக்காந்தாதான் சுகம். இந்த மாத்திரை கர்ச்சீப் மாதிரி. சும்மா கிடக்கும், வேற எதையும் உக்கார விடாது."

"ஏற்கனவே ஆள் உக்காந்திருந்தா?"

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெளிய தள்ளிடும். நரகம்மா அது. கடைசியா எப்போ போட்டே, சில்வெஸ்டர்?"

"பத்து நாளாச்சு டாக்டர். மாதா சத்தியமா."

"சிஸ்டர், ஸ்வல்ப, கொஞ்சம் கண்ணைப் பாருங்க."

பியாட்ரிஸ் குனிந்தாள். டார்ச் அடிக்கும் முன்பே தெரிந்தது. கருமணி கடுகாகச் சுருங்கியிருந்தது. இன்றைக்குப் போட்டிருக்கிறான். சொன்னால் மாத்திரையைத் தள்ளிப்போடுவார்கள். நோகாமல் மெல்ல மெல்ல இறக்குவார்கள். லாயிட்டைக் குழியில்தான் இறக்கினார்கள்.

"நல்லா இருக்கு டாக்டர்."

தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்து சில்வெஸ்டர் கண்ணடித்தான். "தேங்க்ஸ்க்கா," என்று முணுமுணுத்துவிட்டு மாத்திரையை விழுங்கினான்.

வார்டு அறையில் கொட்டாவியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு மூக்கு ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது, மயிர்க்கால் சிலிர்த்தது. அரை மணிக்குள் கட்டிலில் சுருண்டு வாந்தியெடுத்தான். "அக்கா, என்னக்கா குடுத்தே? டாக்டரக் கூப்பிடுக்கா!"

அவள் சேலையைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்துவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஆஞ்சலா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"காலையில பாத்ரூம்ல போட்டுக்கிட்டாரு சிஸ்டர். நான் பாத்தேன்."

பியாட்ரிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "அத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

ஆஞ்சலா வராந்தாவில் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். நிதானமாகத் தனக்குக் காபி ஊற்றிக்கொண்டாள்.

"பூட்டிடுங்க சிஸ்டர்."

பியாட்ரிஸ் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள்.