மூன்றாம் பாடவேளை

றுஷ்தா மறுபடியும் பள்ளிக்கூடப் படியில் நின்றுவிட்டாள். தலையில் புத்தகம் அடுக்கும் பலகைத் தட்டைச் சுமந்து முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஜவ்பர், பின்னால் காலடிச் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்த்தான். அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றாள். விடிந்ததிலிருந்து மழை வருவதும் போவதுமாக இருந்தது. ஓர்ஸ் ஹில் குன்றுக்குக் கீழே உள்துறைமுகத் தண்ணீர் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது.

"என்ன, ஏலாமக் கிடக்கா?"

"கொடுப்புப் பல்லுதான் இழுக்குது. நீங்க நடங்க, வாறன்."

மூன்று நாளாக இதே பல். பல்வலிக்காரி எதற்கு இடது தோளைத் தேய்க்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. ஜவ்பர் இறங்குதுறையில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். ஒரு எஞ்சின் கைவிடுவதற்கு முன் அதன் சத்தம் கொஞ்சம் மாறும். எங்கே பிழை என்று சொல்ல வராது, ஆனால் காது பிடித்துவிடும். திங்கட்கிழமை இரவிலிருந்து பக்கத்தில் படுத்திருந்தவளின் மூச்சில் அப்படி ஒரு மாற்றத்தை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமைதான் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தான். டொக்டர் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்து, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆங்கிலக் கடிதம். தமிழாக இருந்திருந்தாலும் ஜவ்பருக்கு ஒன்றுதான். தொண்ணூறாம் ஆண்டு ஊர் இடம்பெயர்ந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவன் போனது பள்ளிக்கூடத்துக்கு அல்ல, இறங்குதுறைக்கு. வள்ளங்களின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிப்பான், கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு இழுத்திருந்தது மட்டும் அவன் கண்ணில் பட்டது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டதற்கு, ரெஸ்ட் எடுக்கச் சொல்லி இருக்கு, வெள்ளிக்கிழமை வாறன் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றாள். மகளுக்குச் சொல்லவேண்டாம், அவளுக்குப் பரீட்சை என்றும் சொன்னாள்.

மகள் ஷிஃபானா கண்டியில் தாதியர் பயிற்சியில் இருந்தாள். கடிதத்தைப் போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினால் என்ன என்று ஜவ்பர் அன்றிரவே நினைத்தான். றுஷ்தா தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பை கதிரையில் கிடந்தது. எழுந்து போய் அதன் வாரைத் தொட்டான். பிறகு வந்து படுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமையைத் தள்ளிப்போட முடியாது என்பது அவனுக்கும் தெரிந்ததுதான். றுஷ்தா பதினொரு வருடமாக முதலாம் தரத்துக்குப் படிப்பிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் நூலகம் ஆறாம் தரத்துக்கு மேலேதான். சிறுவர் புத்தகங்களெல்லாம் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சின்னதுகள் கிழித்துப்போடும் என்பது அதிபர் ஸைனுலாப்தீனின் பேச்சு. கிழியட்டும் சேர், கிழித்துப் பார்த்தால்தான் ஒட்டப் பழகும் என்று இவள் மூன்று வருடமாக அவர் அறைக்கு நடந்தாள். கடைசியில் அவர் இறங்கி வந்து ஒரேயொரு பாடவேளை தந்தார். தவணை முடியும் கடைசி வாரம், வியாழன், மூன்றாம் பாடவேளை. அது ஒழுங்காக நடந்தால் வருகிற வருடம் ஒவ்வொரு வாரமும். இல்லாவிட்டால் அந்தக் கதையையே விட்டுவிட வேண்டும்.

வள்ளத் திருத்தத்தில் மிஞ்சிய பலகையில் ஜவ்பர் நான்கு தட்டுகள் செய்து கொடுத்தான். உயரத்தை அவள் தன் தொடையில் கைவைத்துக் காட்டினாள். கை எட்டினால் எடுக்கும், எட்டாவிட்டால் கேட்கக்கூடக் கேட்காதுகள் என்று சொன்னாள்.

கடைசித் தட்டையும் சுவரோடு நிறுத்தி ஆணி அடித்து முடித்தபோது மணி ஒன்பதரை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு இறங்குதுறைக்குக் கிளம்பப் பார்த்தான். றுஷ்தா கதிரையில் உட்கார்ந்து புத்தகங்களை மடியில் வைத்திருந்தாள். மேல் உதட்டில் வியர்த்திருந்தது. ஜன்னலால் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது.

"நீங்க இண்டைக்குப் போகாதீங்க," என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. புயல் எச்சரிக்கை விட்ட நாளில்கூட, கவனம் என்றுதான் சொல்வாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"பிள்ளையள் வரப்போகுதுகள். நாப்பது நிமிஷம்தானே. முடிஞ்ச உடன போவம்."

அவன் மறுத்துச் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். பிறகு பல நாள் அவன் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தான். ஆனால் அப்போது அவன் கதவோரத் தரையில் உட்கார்ந்தான்.

மணி அடித்ததும் இருபத்துமூன்று பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் தட்டுகளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். புத்தகங்கள் முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நின்றன. யானை, மீன், கப்பல், சிரிக்கும் பூசணிக்காய். றுஷ்தா எழுந்து, தாளை மேல் மூலையில் பிடித்துப் புரட்டுவது எப்படியென்று காட்டினாள். விரலில் எச்சில் தொடக்கூடாது என்றாள். மணந்து பாருங்கள் என்றாள். இருபத்துமூன்று மூக்குகள் தாள்களுக்குள் போயின. ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. றிஷானா என்ற சின்னவள் மட்டும் தன் புத்தகத்தை மெல்ல வெள்ளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

பிறகு எல்லாரையும் பாயில் இருத்தி, கதிரையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினாள். குடை வாங்கச் சந்தைக்குப் போன ஒரு நண்டின் கதை. இரண்டு பக்கம் வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் குரல் நின்றது. அவள் தண்ணீர் விழுங்குவதுபோல ஒருமுறை விழுங்கினாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவள் ஜவ்பரைப் பார்த்தாள், புத்தகத்தை நீட்டினாள்.

"நீங்க வாசிங்க."

அவன் எழுந்து வந்தான். அவளுக்குத் தெரியாதா? அவனுக்கு வாசிக்க வராதென்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? குனிந்து, வா, போவம், என்று காதுக்குள் சொன்னான். அவள் இல்லையென்று தலையை அசைத்தாள்.

"பிள்ளையள் பயந்திரும். இருந்து வாசிங்க. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

ஜவ்பர் அவளுக்கு முன்னால் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தான். எழுத்துகள் பெரிதாகத்தான் இருந்தன. விரலை வைத்தான். நண்-டு என்றான். அதன் பிறகு வந்தது நீளமான சொல். அவன் அதன் முதல் எழுத்திலேயே தடக்கி நின்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். றிஷானா நகர்ந்து வந்து எட்டிப் பார்த்து, "அது கு இல்ல, கூ," என்றாள். கூடையை என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அதன் பிறகு அது ஒரு விளையாட்டாகிப்போனது. அவன் ஒரு எழுத்தைச் சொல்வான், அவர்கள் சொல்லை முடிப்பார்கள். நண்டு கூடையைத் தூக்கியது. மழை வந்தது. கடைக்காரத் தவளை கதவைச் சாத்தியது. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தில் பிள்ளைகள் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியபோது அவன் மறுபடி காது கொடுத்தான். ஜன்னல் கொக்கி காற்றில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் திரும்பவில்லை. அடுத்த தாளைப் புரட்டினான்.

"டீச்சர் நித்திரை," என்றாள் றிஷானா.

"ஓம். சத்தம் போடாம இருப்பம்." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே விளங்கவில்லை. "எல்லாரும் பொத்தகத்த எடுத்துக்கொண்டு வரிசையா வகுப்புக்குப் போங்க. ஓடக் கூடாது."

அவர்கள் ஓடவில்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு, கால் நுனியால் நடந்து, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசிப் பிள்ளை நிலையைத் தாண்டிய பிறகுதான் ஜவ்பர் திரும்பினான். அவள் தலை தோளில் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி திறந்து பிள்ளைகள் இருந்த பாயைப் பார்த்தபடி இருந்தன. கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் கைப்பைக்குள் இருந்த கடிதத்தை எடுத்து வாசித்தார். பிறகு ஜவ்பரை நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கக்கிழமையே வாட்டில நிக்கச் சொல்லி எழுதியிருக்கு. ஏன் கூட்டி வரயில்ல?"

டொக்டர் கையிலிருந்த கடிதத்தின் சிவப்புக் கோடுகளை அவன் பார்த்தான். எத்தனை மணிக்கு நினைவு தப்பியது என்று அடுத்துக் கேட்டார். ஜவ்பர் யோசித்தான். நண்டு சந்தைக்குப் போகும்போது இருந்தாள். தவளை கதவைச் சாத்தும்போதும் இருந்தாள் என்றுதான் நினைத்தான். அதை எப்படி நேரமாகச் சொல்வது? தெரியாது சேர் என்றான். அந்தக் கடிதத்தை வைத்தே மரண விசாரணை அதிகாரி பிரேதப் பரிசோதனை வேண்டாமென்று விட்டார். பின்னேரம் ஜனாஸா வீட்டுக்கு வந்தது. மகள் வந்து சேரவேண்டும் என்பதால் அடக்கத்தை மறுநாள் காலைக்கு வைத்தார்கள்.

ஷிஃபானா மஃரிப் தொழுகைக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். தாயிடம் நெடுநேரம் இருந்தாள். பிறகு மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து நின்றபடியே வாசித்தாள். ஜவ்பர் எதிர்க் கதிரையில் இருந்தான். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குசினிக்குப் போய் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடிந்ததும் றுஷ்தாவின் தங்கை அஸ்மியா அவனைக் கூப்பிட்டாள். முகம் பார்க்க உள்ளே வந்தவனிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மச்சான், ராத்தா கடைசியா என்ன சொன்னா?"

"வாசிக்கச் சொன்னா."

அவன் படிப்பு எவ்வளவென்று அஸ்மியாவுக்கும் தெரியும். அவள் முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டாள்.

அதிபர் ஸைனுலாப்தீன் வாசலில் நின்றார். ஜவ்பரின் கையைப் பிடித்து, பிறகு விட்டார். முதலாம் தரத்துப் பிள்ளைகளை அவரே கூட்டி வந்திருந்தார். அவர்கள் வேலியோரம் நனைந்த வாழைகளுக்குக் கீழே, சொக்ஸ் கால்களோடு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தக்பீர் சொல்லி, ஜனாஸா இருந்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன் இடப்பக்கம் ஜவ்பர். வீட்டுக்குள்ளிருந்து எழுந்த அழுகை அவர்களோடு வாசல் படலை வரைக்கும் வந்தது. படலைக்கு வெளியே, ஒழுங்கையின் சேறு படாத சீமெந்து ஓரத்தில், சின்னச் சின்ன வெள்ளைச் சப்பாத்துகள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு வரிசை. சோடி சோடியாக, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க. போகவேண்டிய வழி அதுதான். முன் வலப்பக்கம் பிடித்திருந்தவர் அவற்றைக் காலால் ஒதுக்கப் போனார்.

"பாத்து," என்றான் ஜவ்பர்.

அவர் காலை இழுத்துக்கொண்டார். சந்தூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. நாலு பேரும் எதிர் மதிலோடு ஒட்டி, சேற்றுக்குள் இறங்கி, மெதுவாக நடந்தார்கள்.